சோடா இருபது ரூபாய்

என் கணவர் எதற்குச் செலவு செய்தாலும் உடனே எனக்குச் சொல்லியாக வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். எழுதச் சொன்னால் எழுத மாட்டார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடித்தால் நோகிறதாம். அதனால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். "டீ பன்னெண்டு ரூவா." "செருப்பு தெச்சது முப்பது ரூவா." அவ்வளவுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை இருக்காது. என்ன மனிதரோ என்று திட்டிக்கொண்டே கேட்டு, போனிலேயே குறித்து வைப்பேன்.

சொந்தக்காரர்கள் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். சொல்லட்டும். எனக்கு அது பயம். இந்தச் சோடா விவகாரத்துக்கு முந்தின வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை போயிற்று. ஒரகடத்தில் நான் இருந்த கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது என்றார்கள். அவர் ஓட்டிய கம்பெனி பஸ்ஸை வேறு ஆளுக்கு விட்டார்கள். வாடகை கொடுக்க முடியாமல், வீட்டுக்கார அம்மாவின் காலடிச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறோம். பிறகு இருவருக்கும் வேறு வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் காலடிச் சத்தம் மட்டும் எனக்குள் நிற்கவே இல்லை. ஆறு மாதம் சம்பளமே வராவிட்டாலும் தாங்குகிற அளவுக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்குப் "பயப் பணம்" என்று பெயர் வைத்தது அவர்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் அனுப்பிய குரலில் புதிதாக ஒன்று வந்தது. "சோடா இருவது ரூவா."

ஒரு நாள் என்றால் விட்டிருப்பேன். மறுநாளும் சோடா. அதற்கு அடுத்த நாளும் சோடா. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருபது ரூபாய்க்காக இல்லை. எங்கள் ஊர் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம். என் அப்பா ஒரு நாளும் குடிக்கப் போகிறேன் என்று சொன்னதில்லை. "ஏட்டி, கடையில ஒரு சோடா வாங்கிட்டு வா" என்பார். சோடா வந்தால் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். பாத்திரம் பறக்கும், அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள். சோடா என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

இவர் குடிக்காதவர் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டேன். அதுவும் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலிலும் ரூமிலும் தங்கியிருக்கிற பெண்களையும் பையன்களையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் வருவார். பாதிப் பேர் ஏறிய உடனே தூங்கிவிடுவார்கள். இவர் குடித்துவிட்டு ஓட்டினால்? எந்த லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவார்? டீக்கடையில் யாராவது கும்பல் சேர்த்து ஊற்றிக் கொடுக்கிறார்களோ? அதனால்தான் சரக்குச் செலவு கணக்கில் வராமல் சோடா மட்டும் வருகிறதோ? தினமும் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடையும் வியர்வையும்தான் அடித்தது. நம்ப முடியவில்லை. ஒரு நாள் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"வாயை ஊதுங்க."

"இன்னாது?"

"ஊதுங்கன்னு சொல்லுதேன்லா."

ஊதினார். டீ வாசனை. எனக்குச் சொல்லத் தெரியாமல் சோடா, சோடா என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு விஷயம் புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அட லூசு! கேஸும்மா. நெஞ்சாண்ட அடச்சிக்கினு நிக்கிது. ஒரு சோடா வுட்டா ஏப்பம் வந்து பூடுது. அவ்ளோதான். இருவது ரூவாக்கு இன்னா பஞ்சாயத்து வெக்கிற நீ!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேஸ்தானா! யாருக்குத்தான் கேஸ் இல்லை? நேரம் தவறிச் சாப்பிட்டு, எண்ணெயில் முங்கிய போண்டாவைத் தின்றால் கேஸ் வராமல் என்ன செய்யும்? வந்த சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்த கையோடு, "கேஸுக்கு இருவது ரூவாயா? சீரகத் தண்ணி போட்டுத் தாரேன், கொண்டு போங்க" என்றேன். மறுநாளிலிருந்து பாட்டிலில் சீரகத் தண்ணீர் போயிற்று. கணக்கில் சோடா நின்றது. அந்த மாதம் பயப் பணத்தில் கூடுதலாகப் போட்டபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாம். கேன்டீன் வரிசையில் நின்று, சாப்பிட்டு, கை கழுவி, பாத்ரூம் போய் வந்தால் மிச்சம் இருக்கிற நேரத்துக்குள் அவர் காலையிலிருந்து அனுப்பியதையெல்லாம் கேட்டு முடிக்க வேண்டும். அதனால் எப்போதும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். எலி கத்துகிற மாதிரி கீச்சுக் கீச்சென்று "டீ பன்னெண்டு ரூவா" என்பார். எனக்குத் தொகைதானே வேண்டும்?

கார்த்திகையில் ஒரு நாள் கை ஈரத்தோடு போனைத் தொட்டேன். விரல் எங்கோ பட்டு, வேகம் பழையபடி ஒரு மடங்குக்கு வந்துவிட்டது. பக்கத்தில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிற பிள்ளைப்பாக்கத்து அக்கா உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"டீ... பன்னெண்டு... ரூவா."

அக்கா குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாடி, உன் வூட்டுக்காரரு ஓடிக்கினே பேசுறாரா?"

"இல்லக்கா. பஸ்ஸை நிப்பாட்டிட்டு, டீக்கடைக்கு நடந்து போயித்தான் பேசுவாவ. நாலு எட்டு தூரம்."

"நாலு எட்டுக்கா இப்டி இரைக்குது? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். டீ என்று சொல்லி ஒரு மூச்சு. பன்னெண்டு என்று சொல்லி ஒரு மூச்சு. மேலே தள்ளித் தள்ளிப் பழையவற்றை ஒவ்வொன்றாக ஒரு மடங்கில் போட்டேன். நேற்று, அதற்கு முந்தின நாள், போன வாரம். எல்லாவற்றிலும் அதே இரைப்பு. சீரகத் தண்ணீர் கொண்டுபோன நாட்களிலும் இருந்தது. ஒன்றில் செலவைச் சொல்லி முடித்துவிட்டு பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்கிறார். வெறும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மெதுவாக, "முருகா" என்றார். அதை நான் அன்றைக்கே கேட்டிருந்தேன். இரண்டு மடங்கில் அது ஏதோ வண்டிச் சத்தமாகத்தான் கேட்டது.

"ஏசப்பா" என்றார் அக்கா. "போன் போடுடி முதல்ல."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். ஓட்டும்போது எடுக்க மாட்டார், அது நல்ல பழக்கம் என்று நானே ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். அந்த நல்ல பழக்கத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "அரை நாள் சம்பளம் கட்டாகும், பரவால்லையாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேறு நாளாக இருந்தால் நான் அந்த அரை நாளுக்காகக் காய்ச்சலோடுகூட நின்றிருப்பேன். "கட் பண்ணிக்கிடுங்க சார்" என்று சொல்லி கேட் பாஸை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் பஸ் வந்து நிற்கிற கம்பெனி எங்களுக்கு இரண்டு கேட் தள்ளி. பஸ்கள் நிற்கிற மைதானத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து திரும்பியது. எல்லாமே ஒரே வெள்ளை, ஒரே மாதிரி. ஒவ்வொன்றிலும் டிரைவர் முகத்தைப் பார்த்தேன், அவர் இல்லை. ரோட்டில் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முருகா, உன் வல்லக்கோட்டைக் கோயிலுக்கு நடந்தே வாரேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது, அந்த நேரத்திலும் காசு செலவாகாத வேண்டுதலாகப் பார்த்து வேண்டியிருக்கிறேன். இல்லை முருகா, மொட்டை போடுகிறேன், காணிக்கை போடுகிறேன், பயப் பணம் முழுக்க வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசியாகத்தான் வந்தது அவர் பஸ். தூங்கி வழிந்துகொண்டு எல்லோரும் இறங்கினார்கள். எல்லோரும் இறங்கின பிறகும் அவர் சீட்டிலேயே இருந்தார். நான் ஏறிப் போய் முன்னால் நின்றேன். பதறிப்போனார்.

"இன்னா ஆச்சு? உனுக்கு உடம்புக்கு முடியலையா?"

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழைக்குளிர் அடித்த நாள் அது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், பனிக்கட்டி போல இருந்தது. "இறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். "கேஸும்மா" என்றார். நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, ஆனால் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி வந்தார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, "ஆட்டோ... இருநூறு ரூவா... எழுதிக்கோ" என்றார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவர் வாயைக் கையால் பொத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும், எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

"இன்னிக்குத்தாம்மா. லேசா."

"பொய் சொல்லுதாவ டாக்டர்" என்று போனை நீட்டினேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் வந்த முதல் சோடாவைப் போட்டுக் காட்டினேன். பிறகு அடுத்தது. டாக்டரம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே எழுதினார்.

"சோடா குடிச்சா வலி போயிடுமா?"

"பூடும்மா. கடையில கொஞ்ச நேரம் குந்திக்கினு மெதுவா குடிப்பேன். பூடும்."

"சோடாவால போகலைங்க. உக்காந்ததால போச்சு. இது கேஸ் இல்ல, இதயம்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். ஆம்புலன்ஸ், சென்னை, கண்ணாடிக் கதவு, கையெழுத்து. ரத்தக் குழாயில் அடைப்பு, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் பஸ்ஸிலேயே முடிந்திருக்கும் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். இன்சூரன்ஸ் போக மீதிக்குப் பயப் பணம் போயிற்று. போனால் போகிறது. அதற்குத்தானே அந்தப் பெயர்.

இப்போது அவர் பஸ் ஓட்டுவதில்லை. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு குடோன் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். செலவை இன்னும் பேசித்தான் அனுப்புகிறார். நான் ஒரு மடங்கு வேகத்தில்தான் கேட்கிறேன், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை அவர் மூச்சுக்கு, இரண்டாவது தடவைதான் தொகைக்கு. வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் சோறு இறங்காது. இந்தப் பயம் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். எப்போது போகும் என்று சொல்லவில்லை.

போன வாரம் கேன்டீனில் உட்கார்ந்து போட்டேன். "டீ ரெண்டு, இருவத்திநாலு ரூவா. சோடா இருவது ரூவா."

கூப்பிட்டேன், உடனே எடுத்தார்.

"எதுக்குச் சோடா?"

"ஏய், எனுக்கு இல்லம்மா. என்கூட டூட்டி பாக்குதே ஒரு பெருசு, அதுக்கு வாங்கிக் குட்தேன். காலீல இருந்து நெஞ்சாண்ட அடச்சிக்கினு கீதாம். கேஸு."

"கேஸு" என்று அவரே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலும் அப்போதுதான் விழுந்தது போலிருக்கிறது.

"ஆட்டோ பிடிங்க" என்றேன். "இப்பவே. நம்ம காசுலயே கூட்டிட்டுப் போங்க."

போனைக் கட் பண்ணாமலே அவர் ஓடியது கேட்டது. "பெருசு, எயுந்துரு, எயுந்துரு" என்றார். கேட் திறந்தது. ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம். பிறகு அவர் குரல், பழைய பழக்கத்தில், இழுத்துக்கொண்டு: "இன்னா தலைவா, இங்க கீற ஆஸ்பத்திரிக்கு முந்நூறா? இருநூறு வாங்கிக்க..."

"பேரம் பேசாதிய!" என்று நான் போட்ட கத்தலில் கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கேட்டதைக் குடுங்க! ஏறுங்க!"