இலை உதிர்ந்த மாதத்தில் வைத்த ஜன்னல்

என்னைவிடப் பெரிய மடையன் குலசேகரம் பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள். முப்பது வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறவன் நான்.

மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருத்தன்தான். சின்ன ஓட்டு வீடு. சுற்றிலும் அடுத்தவர் தோட்டத்து ரப்பர் மரங்கள். பகலிலும் உள்ளே இருட்டு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "சித்திரையில ஒரு மாசம் அங்க இருந்தே வேலை பாக்கலாம்ப்பா. ஆனா அந்த இருட்டுல முடியாது."

ஒரு மாசம்! எனக்கு அது போதாதா?

தை மாதம் மரங்கள் இலை உதிர்த்தன. அப்போது பால் வெட்டு கிடையாது. எனக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நாட்களில்தான். இடித்த வீடொன்றிலிருந்து பழைய அயினி மரத்து ஜன்னல் மலிவாகக் கிடைத்தது. கிழக்குச் சுவரை உடைத்து நானே வைத்தேன். கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டேன். ஜன்னலுக்கு வெளியே பிச்சிக்கொடி நட்டேன். அடேயப்பா, என்ன வெளிச்சம்! போட்டோ அனுப்பினேன். "நம்ம வீடாப்பா இது?" என்றாள். அன்றைக்கு இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன்.

மாசியில் மரங்கள் துளிர்த்தன. நான் வேலைக்குப் போய்விட்டேன். விடியுமுன் போய், வந்ததும் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறவன் வீட்டு வெளிச்சத்தை எங்கே பார்க்க?

சித்திரையில் அவள் வந்தாள். ஜன்னலருகே மேசை போட்டு உட்கார்ந்தாள். வெளியே அடர்ந்த பச்சை. கண்ணாடி ஓட்டுக்கு மேலும் பச்சை.

"அப்பா, லைட்ட போடட்டா?"

"போடு மக்கா" என்றேன். மணி பகல் பதினொன்று. தலையிலடித்துக்கொள்ளத் தோன்றியது. உதிர்ந்த மரம் மறுபடி இலை விடும் என்பதை, அதன் பாலில் கஞ்சி குடிக்கிற நான் மறந்துபோனேன். அவள் வருகிறாள் என்கிற நினைப்பில் வேறெதுவும் புத்தியில் ஏறவில்லை.

பகலெல்லாம் லைட்டுக்குக் கீழே இருக்க முடியாமல் ஐந்தாம் நாள் பையைக் கட்டினாள். கோபமெல்லாம் இல்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கியப்பா. இலை உதிரும்போ வாறேன், என்னா?"

"செரி மக்கா."

தை வர எட்டொன்பது மாதம் கிடந்தது. அதுவரை நான் யாரிடம் பேசுவேன் என்ற கேள்வி வாய் வரை வந்தது.  பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன்.