எட்டும் பதினாலும்

கல்யாணி தன் வாழ்நாளில் எழுத்தில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றின் பாரத்தில், அவர்கள் கொடுத்த பேனாவாலேயே சொன்னாள். பெற்றோர் இருவரும் ரத்த உறவா என்று அதில் கேட்டிருந்தது. பக்கத்தில் மகன் விக்னேஷ் கழுத்துக் கட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பாரத்தை அவனிடம் நீட்டினாள். அவனும் கையெழுத்துப் போட்டான்.

உண்மை என்னவென்றால், அவள் புருஷன் கோதண்டராமன் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன், அவள் அம்மாவின் கடைசித் தம்பி. கரூர்ப் பக்கம் இதில் என்ன அதிசயம்? பத்தொன்பது வயதில் முறைமாமனுக்குக் கழுத்தை நீட்டினாள். கல்யாணப் பந்தியில் வெளியாள் என்று சொல்ல சமையல்காரரைத் தவிர ஒருத்தரும் இல்லை.

முதல் குழந்தை பெண். மூன்று நாள்கூடத் தங்கவில்லை. சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று லேடி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். சொன்னவள் மறந்திருப்பாள், கல்யாணி மறக்கவில்லை. இரண்டாவதாக விக்னேஷ் பிறந்தான். அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் இவள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

பஸ் மெக்கானிக் வேலை கிடைத்துக் கோதண்டராமன் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு வந்தபோது பையனுக்கு ஏழு வயது. ரானுயியில் வீடு, ஈஸ்ட் டாமாக்கியில் மசாலாப் பொடி அடைக்கும் கம்பெனியில் கல்யாணிக்கு வேலை. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அவன் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தான். அவனுடைய மரத்தில் இரண்டு கிளைகள் திரும்பி வந்து ஒன்றாகச் சேர்ந்தன. வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து நோட்டைச் சுவரில் விட்டெறிந்தான். இனி எந்த மனிதரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று இங்கிலீஷில் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கீழே கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள் கல்யாணி. மேலே பெரிய எழுத்தில் 'குரோமோசோம்' என்று இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு அந்த வீட்டில் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். ஆக்லாந்தில் ஊரே இல்லை, மூடுவது சுலபமாக இருந்தது.

இப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கழுத்தில் சுண்டைக்காய் அளவு வந்த கட்டி மூன்றே வாரத்தில் எலுமிச்சை அளவானது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மிக வேகமாக வளர்கிற வகை, எந்த மருந்து என்று முடிவு செய்ய அந்தச் சதையில் குரோமோசோமையும் பார்க்கவேண்டும், வியாழக்கிழமை தெரியும் என்றார்கள்.

குரோமோசோம் என்ற சொல்லைக் கேட்டதும் கல்யாணிக்குக் காது அடைத்துப்போயிற்று. சுவரில் அடிபட்டு விழுந்த நோட்டுத்தான் கண்ணில் நின்றது. அப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

அந்த நான்கு நாளும் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கம்பெனியில் சாம்பார்ப் பொடி பாக்கெட்டில் ரசப்பொடி லேபிள் ஒட்டிப் போனது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் நின்றவள்தான் சிவப்பு பட்டனை அழுத்திப் பெல்ட்டை நிறுத்தினாள். முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். பாரத்தில் பொய் எழுதியதை டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று புருஷனிடம் கேட்டாள். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கட்டி அதுபாட்டுக்கு வந்தது, அதற்கும் நம் கல்யாணத்துக்கும் என்ன, பையனே வேண்டாம் என்றதை நீ போய் ஊதாதே என்றார். ஆனால் அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

பொய்யான பாரத்தைப் பார்த்து மருந்து கொடுப்பார்கள். அது இவன் உடம்புக்கு ஒவ்வாமல் போனால்? கொடுத்த ரத்தமும் கெட்டது, எழுதிய எழுத்தும் பொய். பெற்றவளே பிள்ளையை இரண்டு தடவை கொன்றதாகிவிடாதா? இதுதான் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

வியாழக்கிழமை கோதண்டராமனுக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையும்தான் போனார்கள். டாக்டர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். ஒன்று எட்டாவது குரோமோசோம், மற்றது பதினாலாவது. இரண்டின் நுனியையும் அழித்து, இதை அதிலும் அதை இதிலும் மாற்றி வரைந்தார். மகனுக்கு நடந்திருப்பது இதுதான், கடுமையான மருந்து வேண்டும், இரண்டு மணிக்கே தொடங்கவேண்டும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி சொல்லமுடியாது என்றார். கல்யாணி கோடுகளையே பார்த்தாள். மாறிப்போய் ஒட்டிக்கொண்ட இரண்டு கிளைகள்தான் அவளுக்குத் தெரிந்தன.

மருந்து ஏற்றும் குழாயைக் கையில் பொருத்த விக்னேஷைக் கூட்டிப்போனார்கள். அவளோடு இருந்தது நர்ஸ் சோபனா. யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கல்யாணிக்குத் தர்மசங்கடம். வெள்ளைக்காரரிடம் சொல்லலாம் என்றால், இங்கிலீஷில் 'அங்கிளைக் கட்டினேன்' என்று வாயால் எப்படிச் சொல்வது? தமிழில் சொல்லலாம் என்றால், கேட்பவள் தமிழச்சி. சுவர்க் கடிகாரம் ஒன்றேகால் காட்டியது.

"சோபனா, பாரத்துல ஒரு பொய் எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். செத்துப்போன பெண் குழந்தை, லேடி டாக்டர், குடும்ப மரம் எல்லாம் வரிசையில்லாமல் கொட்டியது. "எங்க வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன். அதனாலதானே இவனுக்கு இப்படி ஆச்சு?"

சோபனாவின் புருவம் உயர்ந்தது. அவர்கள் பக்கம் மச்சானைக் கட்டுவார்களே தவிர மாமனைக் கட்டுவதில்லை. அந்தப் புருவம் இறங்குவதற்குள் கல்யாணி செத்துப் பிழைத்தாள்.

"அழாதேங்கோ அன்ரி. இது பிறக்கேக்க வந்ததில்லை" என்றாள் சோபனா. "உங்கட மகன்ர கழுத்தில ஒரே ஒரு செல்லில, பிறகு எப்பவோ நடந்தது. இந்த மாற்றம் அந்தக் கட்டியிலதான் இருக்கு. உடம்பில மற்ற இடத்தில இராது."

பிறகு பொறுமையாக விளக்கினாள். நோயோடு சண்டை போடும் சரக்கைத் தயாரிப்பதுதான் அந்தச் செல்லின் தொழில். அந்த வேலைக்கான இடம் பதினாலாவதில் இருக்கிறது. அந்த வகைச் செல்லில் அந்த இடம் எப்போதும் விழித்தே இருக்கும். எட்டாவதில் இருப்பது செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன். வேண்டும்போது சொல்லிவிட்டு அடங்கிவிடும் நல்ல ஜீன்தான். இரண்டு குரோமோசோமும் உடைந்து, துண்டு மாறி ஒட்டிக்கொண்டதில், அது போய் இந்தத் தூங்காத இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. இனி அதற்கு ஓய்வே இல்லை, பெருகு பெருகு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

கல்யாணி யோசித்தாள். "எங்க கம்பெனில கோல்ட் ரூம் கரண்ட் லைன் ராத்திரி பகல் ஓடும், அதை அணைக்கவே மாட்டாங்க. பெல்ட் மோட்டார் ஒயரைத் தப்பா அதுல மாட்டிட்டா, நான் சிவப்பு பட்டனை அழுத்தினாலும் பெல்ட் நிக்காது. அப்படியா?"

"ஓம் அன்ரி. அப்பிடித்தான்."

"ஒயரை யார் மாத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. செல் தன்ர வேலையைச் செய்யேக்க தானா நடந்த பிழை." பரம்பரையாக வரும் வேறு சில நோய்களுக்காகத்தான் பாரத்தில் அந்தக் கேள்வி, அப்படி எதுவும் உங்கள் மகனிடம் தெரியவில்லை, இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று சோபனா எழுந்து போனாள்.

முப்பது வருஷச் சுமை இறங்கியது. கல்யாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நிம்மதி சரியாக அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்வரைதான் இருந்தது. அதற்கப்புறம் வந்த பயம் முன்னதைவிடப் பெரியது. தன் குற்றம் என்றிருந்தபோது முடி இறக்கலாம், பட்டினி கிடக்கலாம், காலில் விழலாம். யார் குற்றமும் இல்லையென்றால் யார் காலில் போய் விழுவது? நான்கு நாளாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்ததில், பையன் பிழைப்பானா என்ற கேள்வியை அவள் நேருக்கு நேர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது அது ஒன்றுதான் பாக்கி.

இரண்டு மணிக்கு வார்டில் வேறொரு நர்ஸ், நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண், மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். பேர், பிறந்த தேதி எல்லாம் முதலிலிருந்து கேட்டாள். டாக்டர் ஒரு திருத்தம் குறித்திருக்கிறார், சரிபார்க்கவேண்டும் என்று அந்தப் பழைய கேள்வியையும் கேட்டாள். கல்யாணி மருந்துப் பையை நிமிர்ந்து பார்த்தாள். மகன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

விக்னேஷ்தான் பதில் சொன்னான். ஆமாம், அம்மா தன் தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டாள், போன தடவை தப்பாக டிக் ஆகிவிட்டது, என்னால்தான் என்று இங்கிலீஷில் சாதாரணமாகச் சொன்னான். நர்ஸ் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். பதின்மூன்று வருஷம் அந்த வீட்டில் மூடிவைத்திருந்த சங்கதி அரை நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

மருந்து சொட்ட ஆரம்பித்தது. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். விக்னேஷ் குழாய் இல்லாத கையை நீட்டி அம்மாவின் விரலைப் பிடித்தான். எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா."

சாமி இருக்கிறார், ஒன்றும் ஆகாது என்றுதான் எப்போதும் சொல்லுவாள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"எனக்கும்தான்டா" என்று சொல்லி, நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.