கீழே இருந்தவர்களின் பக்கம்

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், படிக்கட்டின் அடியில் ஒரு சிற்றறை இருந்தது. தூசி உறிஞ்சும் இயந்திரமும் மழைக்காலணிகளும் பாதி தீர்ந்த வண்ணப்பூச்சு வாளிகளும் அதற்குள் கிடந்தன. அதில் நிமிர்ந்து நிற்க இயலாது, குந்தியிருக்கலாம். எண்பதுகளின் பிற்பகுதியில், இலண்டனுக்கு வந்த புதிதில், ஒரு முற்பகல் விமானமொன்று தாழப் பறக்கும் ஒலி கேட்டதும் மகளை அள்ளிக்கொண்டு அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஹீத்ரோவில் இறங்கப்போகும் பயணிகள் விமானம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால்கள் யாழ்ப்பாணத்தில் பழகியபடியே ஓடின.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். மனைவியை இழந்து கீழ்த்தளத்தில் தனியே வாழ்ந்த ஆங்கிலேயர், அறுபதைக் கடந்தவர். எங்கள் இருவரையும் சற்று நேரம் பார்த்தார். குனிந்து, இயந்திரத்தையும் காலணிகளையும் வாளிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தார். எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. பிறகு கதவை முன்போலவே மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மாலையில் வேலை முடிந்து வந்த கணவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இஞ்சேரும், இது லண்டன். இஞ்ச மேலால போறவன் குண்டு போடமாட்டான். சாப்பாட்டுத் தட்டுத்தான் குடுத்துக்கொண்டு போறான்."

சில வாரங்களில் வீட்டுக்காரரின் பழைய வாழ்க்கை எங்களுக்குத் தெரியவந்தது. உலகப் போரில் அவர் ஒரு குண்டுவீச்சு விமானப் படையணியில் இருந்தவர். விமானத்தின் மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்து, கீழே தெரியும் நிலத்தைக் குறிபார்த்துக் குண்டுகளை விடுவிப்பது அவர் பணி. அதை அறிந்த அன்று என் கணவர் சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை: "நல்ல இடம் பாத்துத்தான் ஒளிச்சிருக்கிறீர். குண்டு போட்ட மனிசன்ரை வீடு."

படையணியில் எஞ்சியிருந்தோர் தம் வரலாற்றை நூலாக எழுதிக்கொண்டிருந்தனர். தொகுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஆனால் கை நடுக்கத்தால் அவரால் தட்டச்சுச் செய்ய முடியவில்லை. ஊரில் தமிழாசிரியையாக இருந்த நான் ஆங்கிலத் தட்டச்சும் கற்றிருந்தேன். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் அவருடைய சமையலறை மேசையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லப் பக்கங்களை அடித்துக் கொடுத்தேன்.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. அங்கே இருந்தவர் கண்டதை மட்டுமே எழுதுவது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அதைக் கண்டவரின் பெயர் நிற்கவேண்டும். பெயரில்லாத வாக்கியத்தை நீக்கிவிடுவார்கள். இல்லாததைக் கூட்டி எழுதுவதைக் குற்றமாகக் கருதி வளர்ந்த எனக்கு அந்த விதி மிகவும் பிடித்தது. உயரத்தில் விரல் மரத்துப்போனதும், குடுவையில் கொண்டுபோன தேநீர் உறைந்ததும், காலையுணவு மேசையில் திரும்பிவராதவர்களின் வெற்று நாற்காலிகளை எவரும் பாராததுபோல் இருந்ததும் அந்த நூலில் மிகையின்றி இடம்பெற்றன. ஒன்று மட்டும் இல்லை. பறப்பு ஒவ்வொன்றும் ஒரே விதமாக முடிந்தது: குண்டுகளை விடுவித்தோம், திரும்பினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வாக்கியத்தில் என்னை நிறுத்தினார். "நீங்கள் கீழே இருந்திருக்கிறீர்கள். அது எப்படி இருக்கும்? எனக்குச் சொல்ல முடியுமா?"

இலண்டனில் போரைப்பற்றி என்னிடம் பலர் வினவியதுண்டு. ஏன் தொடங்கியது, எவர்மீது பிழை, எப்போது திரும்பிப் போவீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். எப்படி இருந்தது என்று அதுவரை எவரும் கேட்டதில்லை. சொன்னேன். ஒலி காதுக்கு எட்டும் முன்னரே அடுக்களையில் பாத்திர மூடிகள் நடுங்கத் தொடங்கும். மேலே பறப்பவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். முடிந்தபின் வாயெல்லாம் சுண்ணாம்பு சுவைக்கும். பிறகு வீட்டுக்கு வீடு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒருநாள் வலப்பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரிந்திராது. அந்த வீட்டில் இருந்தவர் யார் என்று மட்டும் கேட்டார். என்னோடு படிப்பித்த தோழியின் பெயரைச் சொன்னேன். அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

நான் சொன்னவற்றை ஒரு பக்கமாக எழுதி, நூலின் இறுதியில் சேர்க்க விரும்பினார். அது இல்லாமல் அச்சேறினால் தாம் எழுதியது பாதி உண்மைதான் என்றார். ஆனால் ஒவ்வொரு பகுதியும் ஆண்டு விருந்தில் உரக்க வாசிக்கப்பட்டு, அனைவரும் ஒப்பிய பின்னரே நூலில் சேரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த விருந்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். ஒரு விடுதியின் மாடியறை. முதியவர்கள், அவர்களுடைய மனைவியர். உணவு முடிந்ததும் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை வாசித்தார்.

அவருடைய விமானத்தைச் செலுத்திய கப்டன் எதிரே அமர்ந்திருந்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. "இந்த அம்மையார் நம் விமானங்களின் கீழ் இருந்தவர் அல்லர். நம்மில் எவரும் கீழே இருந்ததில்லை. விதிக்கு நீயும் கை தூக்கினாய்."

அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. அதுதான் வலித்தது. வீட்டுக்காரர் தாளை மடிக்கத் தொடங்கினார்.

"நான் இருந்தேன்" என்று ஒரு குரல் கேட்டது. கப்டனின் மனைவி. அதுவரை எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். "இதே இலண்டனில், லூயிஷாமில், அம்மாவின் சமையலறையில். இவர் சொல்லும் மூடிகள் எங்கள் வீட்டிலும் நடுங்கின."

அவை ஜெர்மானியப் பகைவரின் விமானங்கள் அல்லவா என்று மேசையின் கோடியிலிருந்து எவரோ சொன்னார்.

"கீழேயிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது" என்றார் கப்டனின் மனைவி.

கப்டன் மனைவியின் பக்கம் திரும்பினார். இத்தனை ஆண்டுகளில் இதை நீ சொன்னதில்லையே என்றார். நீங்கள் கேட்டதில்லையே என்றார் அவர். பிறகு கப்டன் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம், "அடுப்பில் என்ன இருந்தது?" என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடியும்வரை வீட்டுக்காரர் உட்காரவில்லை.

வீட்டுக்காரர் இப்போது இல்லை. இன்று என் அனுபவத்தைக் கேட்க ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஒலிப்பதிவு செய்துகொண்டு போகிறார்கள். நானும் தடையின்றிச் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் வாயை எனக்குத் திறந்து தந்தவர், ஒருகாலத்தில் மேலேயிருந்து குறிபார்த்தவர். ஆண்கள் மட்டுமே பறந்த அந்தப் படையணியின் வரலாற்றில், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், அங்கே இருந்தவர்களாக இரண்டு பெண்களின் பெயர்கள் நிற்கின்றன. இரண்டாவது பெயர் என்னுடையது.