அவகாசம் கேட்டது நான், எழுந்து நின்றது அவர்

"சொல்தா ஐயா போய்ட்டாரும்மா" என்று கருவடிக்குப்பத்திலிருந்து அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா போன் செய்தபோது, தையல் கடையில் ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர் என்பதால் இருதயநாதன் ஐயா முத்தியால்பேட்டைக்கே சொல்தாதான். நான் இன்று குடியிருப்பது அவர் கட்டிய வீடு.

அதை எனக்கு விற்க ஒப்பந்தம் எழுதி முன்பணமும் வாங்கியிருந்தார். பிறகு மனை விலை எகிறியது. பிரான்சிலிருந்து வந்த மகன் பத்திரம் பதியவிடவில்லை. மகன் நீட்டிய காகிதங்களில் ஐயாவும் கையெழுத்துப் போட்டார். வழக்குத் தொடுத்தேன். மீதித் தொகையை மூன்று மாதத்துக்குள் கோர்ட்டில் கட்டினால் கிரயம் செய்து தர வேண்டும் என்று தீர்ப்பானது. அந்த மாதங்களில்தான் என் கணவருக்கு இருதய ஆபரேஷன். கெடு தாண்டிவிட்டது.

அவகாசம் கேட்டு மனுப் போட்டேன். "வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும்" என்றார் அவர்கள் வக்கீல். பின்வரிசையிலிருந்து ஐயா எழுந்தார். மகன் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு ஏமாத்தலீங்கய்யா. புருஷன் ஆஸ்பத்திரில கெடந்தத நானே போய்ப் பாத்தேன். டைம் குடுங்க."

நீதிபதி ஒரு மாதம் கொடுத்தார். நகையை விற்றுக் கட்டினேன். வீடு என் பெயருக்கு வந்தது.

ஐயா எழுந்து பேசிய அன்றே கோர்ட் வராந்தாவில் மகன் கேட்டார்: "பப்பா, ஒங்களுக்குப் புள்ள நானா, அவளா?" ஐயா படியிறங்கிப் போனார். அதன்பின் பிரான்சுக்குத் திரும்பிய மகனிடமிருந்து போன்கூட இல்லை. ஐயா கருவடிக்குப்பத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

வழியில் கண்டால், "மழைக்கு வூடு ஒழுகுதாம்மா?" என்றுதான் விசாரிப்பார். தலைகுனிந்து பதில் சொல்வேன். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகவே கிடந்தது. வந்து இருங்கள் என்று கூப்பிட நினைப்பேன். தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயத்தில் தள்ளிப்போடுவேன். பிறகு அவர் வரும் தெருவையே தவிர்த்தேன்.

அடக்கத்துக்கு மகன் வந்திருந்தார். மண் போட்டபின் என்னிடம் வந்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"பப்பாவக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பாத்து ரொம்ப நாளாச்சு" என்றேன். "நானும் பாக்கல" என்று அவர் அழுதார்.

ஐயாவை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய படைக்கதைகள் இருக்கும், சிரிப்பு இருக்கும். என்னிடம் இருப்பது, மகன் பக்கத்தில் இருக்கும்போதே எனக்காகப் பேசிய அந்தக் குரல். அதோடு, அவர் உயிரோடு இருந்தவரை நான் சொல்லாமலே விட்ட "வாங்க ஐயா."