வந்த தடத்திலேயே

ராணுவத்தில் கண்ணிவெடி எடுக்கும் இன்ஜினியராக இருந்த என் நைனா, இப்போது திருத்தணியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் இயக்குநர். கிணறு வெட்டும்போது கிடைத்த பழைய குண்டு ஒன்றை யாரோ இன்று அதன் முற்றத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என்னையும் ஊழியர்களையும் வாசலுக்கு விரட்டிவிட்டு, நைனா தனியாக அதன் அருகே போனார். முற்றத்து ஈரமண் வாசனையில் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அப்போது நைனா ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தார். தோட்டத்தில் புதிதாகக் கொத்திய மண்ணில் பந்தெடுக்க இறங்கினேன்.

“அசையாத! அப்படியே நில்லு!”

குப்புறப் படுத்து, கோணி ஊசியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஊர்ந்து வந்தார்.

“ஐயோ, அது நம்ம கத்திரிச்செடி வெக்கிற எடம்ங்க!” என்று அம்மா அழுதாள். அவர் காதில் விழவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பினார்.

“ஒண்ணுமில்லம்மா, குண்டுக்குள்ள மருந்தே இல்ல,” என்று இப்போது முற்றத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் நைனா. ஆனால் ஈரமண்ணில் தன் பழைய காலடிகளின்மேலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருகிறார். நான் இன்னும் அசையவில்லை.