அத்தை திட்டவேண்டி ஒரு ஜெபம்

கச்சிராயபாளையம் மைக்கேல்ராஜுக்கு ஜெபத்தைத் தொடங்க வரும், முடிக்கத்தான் வராது. ஜெபக்கூட்டத்தில் அவர் கண்ணை மூடினால் கைக்குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடி தூங்கிவிடும். "பாவிகளிலும் பெரும்பாவி நான்" என்னும்போதே குரல் உடையும். உடைந்த குரல் பின்வரிசைவரை கேட்கிறதா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வார். தனக்கும் ஆண்டவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் பாக்கி என்று அப்போது அவருக்கு நினைப்பு. இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்துத்தான் ஊருக்குத் தெரியும்.

மாமியார் ராஜாம்பாள் மட்டும் மசியவில்லை. மகள் அமிர்தத்தின் வீட்டிலேயே இருந்தாலும் அவர் கும்பிட்டது மாரியம்மனை.

"இன்னா மாப்ள, உங்க சாமிக்குக் காது மந்தமா? எங்க ஆத்தாளாண்ட ஒரு தபா சொன்னா போதும்."

இந்த வாயைக் கட்டும் ஆண்டவரே என்று மைக்கேல்ராஜ் தினமும் உள்ளம் உருகி வேண்டி வந்தார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளிய மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. அன்று பார்த்துக் கரும்புத் தோட்டத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ராஜாம்பாளைப் பாம்பு கடித்துவிட்டது.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அமிர்தம் பின்னாலிருந்து அணைத்துப் பிடிக்க, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியை நோக்கித் தள்ளினார் மைக்கேல்ராஜ்.

"டயர்ல காத்து கூட கம்மி. உன்ன நம்பிப் பொண்ணக் குடுத்தேன் பாரு!"

முதல் மரத்தருகே இளவட்டங்கள் மறித்தார்கள். "வண்டி எதுவும் போவக் கூடாது."

"பாம்புக்கடிப்பா!"

"அடடா! தூக்குங்கடா!" நாலு பேர் சைக்கிளோடு ராஜாம்பாளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

"மெதுவாடா, நான் இன்னா நெல்லு மூட்டையா?"

அடுத்த மரத்தைத் தாண்டியதும் வசவு குழறியது. இமைகள் தொங்கின. பிறகு சத்தமே இல்லை.

"ஐயோ, அம்மா பேச மாட்டேங்குதே!" என்று அமிர்தம் அலறினாள்.

மைக்கேல்ராஜ் சைக்கிளை இன்னும் வேகமாகத் தள்ளினார். எத்தனையோ வருஷத்து வேண்டுதல், நிறைவேற இந்த நேரம்தானா கிடைத்தது! உடனே வாபஸ் வாங்கியாக வேண்டும். ஆனால் வழக்கமான பீடிகை வரவில்லை. பெரும்பாவியும் வரவில்லை. தள்ளத்தான் மூச்சு இருந்தது, உருகுவதற்கு இல்லை.

"அத்தை திட்டணும் ஆண்டவரே... திட்டணும் ஆண்டவரே..."

கள்ளக்குறிச்சி வரை அவ்வளவுதான். குரல் உடைந்ததா என்று கவனிக்க அவருக்கு நினைவே இல்லை. கவனித்திருந்தால் தன் வாழ்நாளிலேயே மிக மட்டமான ஜெபம் அதுதான் என்று வெட்கப்பட்டிருப்பார்.

ஊசி போட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். குழாயை எடுத்த பிறகு, ஒரு சாயங்காலம் ராஜாம்பாள் கரகரத்த குரலில் மருமகனைக் கூப்பிட்டார்.

"வழியெல்லாம் யாராண்ட பேசிக்கினு வந்த மாப்ள? காதுல வுழுந்துது, வாய்தான் எழும்பல."

"ஆண்டவராண்ட அத்தே."

"அவ்ளோ சுருக்காவா? பாவம் அவரு. நீ மூச்சு வாங்கற கேப்புலயாவது உன்னாண்ட ஒரு வார்த்த பேசியிருப்பாரு."

மைக்கேல்ராஜ் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கும் அளவுக்கு வந்தது.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? போயி நர்சம்மாவாண்ட கேளு, கஞ்சி குடிக்கலாமான்னு. பசி உசுரு போவுது."

"கேக்கறேங்க அத்தே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே அவர் ஓடினார்.