துல்கர்னைன் சத்தம் போடக் கற்ற கதை

குவைத்தில் துல்கர்னைன் பார்த்த வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வாயைத் திறக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். அரபி வீட்டு டிரைவர் வேலை. முன்சீட்டில் ஓர் ஆள் இருக்கிறான் என்பதையே பின்சீட்டுக்காரர்கள் மறந்துபோக வேண்டும். அப்படி இருப்பவன்தான் நல்ல டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் அவர் நல்ல டிரைவராக இருந்தார். கேட்டால் பதில், அதுவும் ஒரு சொல்லில். அவர் குரல் அப்படியே அமுங்கிப் போயிற்று. ஊருக்கு ஃபோன் பேசினால்கூட மனைவி ஷரீபுன்னிசா, "கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன், ஒண்ணும் கேக்கல" என்பாள்.

முதலாளியின் மகளை வாரந்தோறும் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப் போவது அவர் பொறுப்பு. வகுப்பு நடக்கும் இடத்துக்குத் தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. வண்டியில் உட்கார்ந்தபடி உள்ளே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். வெறுங்கால், வெள்ளை உடுப்பு, வரிசை வரிசையாக ஆட்கள். சத்தம் மட்டும் வெளியே வராது. ஒருவர் குத்துகிறார், எதிரில் நிற்பவர் அந்தக் கையைத் தடுத்து வட்டமாகத் திருப்பி விலக்குகிறார். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவது போலவே இருந்தது அது. அறைக்குத் திரும்பிய பிறகு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அதைச் செய்து பார்ப்பார். தானும் சேரலாமா என்று ஒருநாள் அங்கிருந்த மேனேஜரிடம் கேட்டார். "உங்கள் மேடத்திடம் அனுமதி வாங்கி வாருங்கள்" என்றான் அவன். மேடத்திடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நாற்பத்தாறு வயதில் முடித்துக்கொண்டு தென்காசிக்கு வந்தார். ஒரு வேன் வாங்கினார். செங்கோட்டை ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விடுவது, சீசன் இல்லாத மாதங்களில் கல்யாண வீட்டு ஓட்டம். அப்படி ஒரு மண்டபத்தில் ஆட்களை இறக்கிவிட்டு நிற்கும்போதுதான், மாடியில் தரை அதிரும் சத்தம் கேட்டது. கூடவே பல குரல்களில் ஒரே நேரத்தில் எழுந்த அதட்டல். ஏறிப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று குத்திக்கொண்டிருந்தார்கள். எதிரில் கறுப்பு பெல்ட் கட்டி ஒரு பெண். முத்துசெல்வி, முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஜப்பானின் ஒக்கினாவா தீவு முறையில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறாள்.

"பிள்ளையச் சேக்கணுமா அண்ணாச்சி? எத்தனாங் கிளாஸ் படிக்கி?"

"பிள்ளைக்கு இல்ல டீச்சர். எனக்குத்தான்."

முத்துசெல்வி அவருடைய வயிற்றைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்கள்.

"செருப்ப அங்கன கழத்திப் போட்டுட்டு உள்ள வாங்க" என்றாள்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். துல்கர்னைன் தயங்கி நின்றார். "டீச்சர், ஆளுக்கு முன்னால குனியுதது எங்க மார்க்கத்துல..."

"எதுத்தாப்ல நிக்கவங்களுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். நீங்க நெஞ்சுல கைய வச்சு சலாம் சொல்லுத மாதிரி நில்லுங்க. போதும்."

அப்படியே நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

வீட்டில்தான் பேச்சு ஓயவில்லை. "ஒங்களுக்கு என்ன வயசு ஆகுது, தெரியுமா?" என்றாள் ஷரீபுன்னிசா.

"தெரியும். அதனாலதான் இன்னும் தள்ளிப் போடக் கூடாதுங்கேன்."

அவள் துவைத்த கராத்தே உடுப்பை மட்டும் மொட்டை மாடியில் போடாமல், அக்கம்பக்கம் பார்க்காதபடி அடுக்களைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டாள். அதில் மீன் குழம்பு வாசம் ஏறியது. துல்கர்னைன் அதையே உடுத்திக்கொண்டு போனார்.

உடம்பு வளையவில்லை. முழங்கால் வலித்தது. பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டதற்கு அவருக்கு மாதங்கள் ஆயிற்று. காத்தா என்று ஒன்று உண்டு. எதிரிகள் சுற்றி நிற்பதாக நினைத்துக்கொண்டு, தடுப்பும் குத்தும் உதையுமாக வரிசை மாறாமல் செய்ய வேண்டும். சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேனுக்குப் பின்னால் நின்று அதைச் செய்தார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவருக்கு 'ஜப்பான் பாய்' என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கை, கால், இடுப்பு எல்லாம் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன.

வராதது ஒன்றுதான். காத்தாவில் முக்கியமான குத்து விழும் இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஓர் அதட்டல் எழ வேண்டும். கியாய் என்பார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் மண்டபமே அதிரக் கத்தின. துல்கர்னைன் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"வயித்துலருந்து வரணும் அண்ணாச்சி."

"வருது டீச்சர், தொண்டையில வந்து நின்னுருது."

பெல்ட் பரீட்சைக்குத் திருநெல்வேலியிலிருந்து விஜயசங்கர் என்ற மூத்த ஆசிரியர் வந்தார். துல்கர்னைன் செய்த காத்தாவில் ஓர் அசைவுகூடப் பிசகவில்லை. விஜயசங்கர் அவரை அருகில் அழைத்தார். "எல்லாம் சரியாத்தான் செய்யுதிய. ஆனா ஆள் எங்க? உள்ள ஆளே இல்லாத மாதிரி இருக்கு. அடுத்த தடவை பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். அன்று அந்த மண்டபத்தில் தோற்றது அவர் ஒருவர்தான்.

வேனில் வந்து உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கியது. உள்ளே ஆளே இல்லாத மாதிரி. அப்படி இருக்கத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினோம் என்று நினைத்தார். கோபம் வந்தது, விஜயசங்கர் மேல் இல்லை. மறுநாள் விடிந்ததும் வகுப்புக்குப் போனார். வரமாட்டார் என்றுதான் முத்துசெல்வி நினைத்திருந்தாள்.

ஆனி மாதம் பிறந்தது. சாரல் தொடங்கி, அருவிகளில் தண்ணீர் கொட்டியது. சவாரி கூட்டிப் போனவர்கள் குளித்து வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். ஒருநாள் ஐந்தருவியில் அவரும் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். தலையில் விழுந்த தண்ணீர் வேறெதையும் கேட்கவிடவில்லை. பக்கத்தில் நின்றவர் என்னவோ சொன்னார்; உதடு அசைந்ததுதான் தெரிந்தது. துல்கர்னைன் அருவியடியில் இருந்த தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றை இறுக்கிக் கத்தினார்.

யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் மட்டும் ஓர் அதிர்வு தெரிந்தது. மறுபடி கத்தினார். வாய்க்குள் தண்ணீர் புகுந்து புரையேறியது. இருமிவிட்டு மறுபடியும் கத்தினார்.

அந்தச் சீசன் முழுக்க, சவாரி போன நாளெல்லாம் அருவிக்குள் நின்று கத்தினார். ஆனால் மண்டபத்துக்கு வந்தால் பழையபடி காற்றுதான். அங்கே எல்லாருக்கும் கேட்குமே என்ற நினைப்பே தொண்டையை அடைத்தது.

ஆவணியில் தண்ணீர் குறையத் தொடங்கியது. துல்கர்னைன் நிறுத்தவில்லை. அருவி மெலிய மெலிய அவருடைய குரல் வெளியே தெரிய ஆரம்பித்தது. முதலில் பக்கத்தில் குளித்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு படியில் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். புரட்டாசியில் ஒருநாள், பாறையில் தண்ணீர் கயிறு போல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்திய கத்தலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னய்யா, வழுக்கி விழுந்துட்டீரா?"

"இல்ல சார். கராத்தே."

"அதுக்கு இப்படியா? எனக்கு உசுரே போயிட்டு!"

துல்கர்னைன் தலை துவட்டிக்கொண்டே சிரித்தார். மறுநாள் மண்டபத்தில் அவருடைய முறை வந்தது. குத்து போன இடத்தில் சத்தமும் போயிற்று. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். முத்துசெல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை செய்ங்க" என்றாள்.

அடுத்த பரீட்சையைப் பார்க்க மகள் ஷஹானா தன் அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தாள். கணவர் போட்ட அதட்டலில் ஷரீபுன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "இவ்வளவு சத்தத்த எங்க வச்சிருந்திய?" என்று கேட்டாள். அவர் அன்று கிடைத்த புது பெல்ட்டை ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார். அந்த வாரமே உடுப்பு மொட்டை மாடிக் கொடிக்குப் போயிற்று.

இதற்கெல்லாம் பயன் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொல்வது ஒரு சின்னச் சம்பவம். வெளியூர்க்காரர்கள் சிலரை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். நன்றாகக் குடித்திருந்த ஒருவர், தானே வண்டி ஓட்டப்போவதாகச் சொல்லி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். துல்கர்னைன் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கைய எடுங்க."

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஆள் அவர் முகத்தையே பார்த்தார். கையை எடுத்தார். துல்கர்னைன் மறுபடி வேனைக் கிளப்பினார்.

கறுப்பு பெல்ட் பரீட்சைக்குப் போகும்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்குள் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஒரு வருஷம் போயிற்று. நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர். தாழ உட்கார்ந்து நிற்கும் நிலைகளைச் சற்று உயர்த்தி நிற்கப் பழகிக்கொண்டு தொடர்ந்தார். திருநெல்வேலியில் சண்டைச் சுற்றில் எதிரே நின்ற கல்லூரிப் பையன் ஜோஷ்வாவின் குத்து நேராக மூக்கில் இறங்கியது. ரத்தம் வெள்ளை உடுப்பில் சொட்டியது. விஜயசங்கர் நிறுத்தச் சொல்லிவிட்டு, "போதுமா?" என்று கேட்டார்.

"இன்னும் நேரம் இருக்குல்ல சார்?" என்றார் துல்கர்னைன்.

மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுபடி எதிரே போய் நின்றார். அடுத்து வந்த குத்தைத் தடுத்து வட்டமாகத் திருப்பி விலக்கி, தன் குத்தை ஜோஷ்வாவின் நெஞ்சுக்கு அருகில் நிறுத்தினார். ஜோஷ்வாவே முதலில் குனிந்து வணக்கம் சொன்னான்.

சாயங்காலம் பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனை முத்துசெல்விதான் ஓட்டினாள். வீங்கிய மூக்கோடு அவர் பக்கத்துச் சீட்டில் இருந்தார். ஆலங்குளம் தாண்டியதும் கேட்டார்.

"டீச்சர், அடுத்த காத்தா எப்ப ஆரம்பிக்கலாம்?"

"மொதல்ல மூக்கு ஆறட்டும் அண்ணாச்சி."

"அதுக்கும் மூக்குக்கும் என்ன இருக்கு? திங்கக்கெழமை வாரேன்."